கார்ட்டர் பாம்புக் குட்டி இரை எடுக்கவில்லையா? குளிர்கால உறக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ட்டர் பாம்பு என்பது வட அமெரிக்காவின் சிறிய, மெலிந்த பாம்பு. வீட்டில் வளர்க்கும் அதன் குட்டி, குளிர்காலம் நெருங்கும்போது சில சமயம் இரை எடுப்பதைத் திடீரென்று நிறுத்திவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துபோவது இங்கேதான். மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், ஒரு காலத்தில் நானே பதில் தெரியாமல் தவித்த கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத குட்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. வளர்ந்த பாம்புக்கு உடம்பில் கொழுப்புச் சேமிப்பு அதிகம், அதனால் அவகாசமும் அதிகம். குட்டிக்கு அந்த வசதி கிடையாது.

போன வாரம் வரை பாய்ந்து பாய்ந்து தின்ற குட்டி இப்போது மண்புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன்?

காரணம் பல இருக்கலாம். குளிர்காலம் அதில் ஒன்றுதான். முதலில் மற்றவற்றைத் தள்ளிவிட்டு வாருங்கள்.

கண்ணைப் பாருங்கள். பால் படர்ந்த மாதிரி மங்கலாக இருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. அந்த ஒரு வாரம், பத்து நாள் இரை எடுக்காமல் இருப்பது சகஜம். உரித்து முடித்ததும் பசியோடு வரும். குட்டி வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகிறதா? அப்படியானால் கையில் எடுக்காமல் ஒரு வாரம் சும்மா விடுங்கள். அப்புறம் தொட்டியின் வெப்பத்தை அளந்து பாருங்கள். சூடான பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 21 முதல் 23 டிகிரி இருக்கவேண்டும். அறை குளிர்ந்துவிட்டால், அதே ஹீட்டர் அதே அளவில் ஓடினாலும் தொட்டிக்குள் நாலைந்து டிகிரி இறங்கியிருக்கும். வெப்பமானியைத் தரை மட்டத்தில், குட்டி படுக்கும் இடத்திலேயே வைத்து அளக்கவேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய வெப்பமானி காட்டுவது குட்டி படுத்திருக்கும் இடத்தின் வெப்பத்தை அல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும், வெளியே பகல் குறுகிக்கொண்டே வந்தும், குட்டி மறைவிடத்திலேயே சுருண்டு கிடந்தால், அது குளிர்காலத்துக்குத் தயாராகிறது என்று சந்தேகப்படலாம்.

தொட்டிக்குள் ஹீட்டரும் விளக்கும் இருக்கும்போது குளிர்காலம் வந்தது அதற்கு எப்படித் தெரியும்?

பகல் நேரம் குறைவது ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும். இரவு குளிர்வதும் தெரியும். ஆனால் இந்த இனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

கார்ட்டர் பாம்புகள் வட அமெரிக்காவின் உயிர்கள். கனடாவிலிருந்து மத்திய அமெரிக்கா வரை பரவியிருக்கின்றன. கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பாறை இடுக்குகளுக்குள், மண் உறைகிற ஆழத்துக்கும் கீழே, ஆயிரக்கணக்கான சிவப்புப் பக்கக் கார்ட்டர் பாம்புகள் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அவை கூட்டமாக மேலே வரும்போது தரையே நெளிகிற மாதிரி இருக்கும். வருஷத்தில் பாதிக்கும் மேலான காலம் எதுவும் தின்னாமல் மண்ணுக்கடியில் கிடந்த உடம்புகள் அவை.

கார்ட்டர் பாம்பு முட்டையிடாது, குட்டி போடும். கோடை நடுவிலிருந்து இலையுதிர்காலத் தொடக்கம் வரை பிறக்கின்றன. வடக்கே பிறந்த குட்டிக்கு முதல் குளிர் வருமுன் கிடைக்கும் அவகாசம் சில வாரம்தான். அதற்குள் கிடைத்ததைத் தின்றுவிட்டு ஒடுங்கவேண்டும். அந்தப் பழக்கம் பிறவியிலேயே வருவது. உங்கள் வீட்டுக் குட்டியின் தாயே தொட்டியில் பிறந்ததாக இருந்தாலும் அது போய்விடாது.

இதைக் குளிர்கால உறக்கம் என்பது சரியா?

பேச்சுக்குச் சரி. கரடியோ தரை அணிலோ தூங்குவது போன்றதல்ல இது. ஊர்வனவற்றின் இந்த ஒடுக்கத்துக்கு 'புருமேஷன்' என்று தனிப் பெயர் உண்டு. 1965-ல் வில்பர் மேஹ்யூ என்ற ஆய்வாளர் கொம்புப் பல்லிகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்திய சொல் அது. பாம்பு இந்த நாட்களில் அவ்வப்போது விழிக்கும், இடம் மாறும், தண்ணீர் குடிக்கும். இதை மறந்துவிட்டு, தூங்குகிறதே என்று மூன்று மாதம் மூடியைத் திறக்காமல் இருந்துவிடக் கூடாது.

அது பாட்டுக்கு இருக்கட்டும், பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பாம்பின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றியிருக்கும் வெப்பம்தான் அது எவ்வளவு வேகமாகத் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் செலவு ஏறக்குறைய பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். 28 டிகிரியில் குட்டியால் தின்ன முடியும், செரிக்க முடியும், செலவை ஈடுகட்ட முடியும். 10 டிகிரியில் செலவே மிகக் குறைவு, அதனால் தின்னாமல் தாக்குப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில், 15 முதல் 20 டிகிரி வரையிலான அந்த மிதமான குளிர்தான் ஆபத்து. தின்ன மனம் வராது, தின்றாலும் செரிக்காது. ஆனால் சேமிப்பு மட்டும் கரைந்துகொண்டே இருக்கும். நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும்.

ஹீட்டரை அணைத்துவிட்டு அறையின் ஓரத்தில் வைத்த தொட்டி நிற்பது பெரும்பாலும் இந்த வெப்பத்தில்தான்.

நான் வளர்த்த முதல் குட்டிகளில் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். சூடு இல்லாத அறையில் வைத்தேன், அது சுருண்டு படுத்தது, தூங்குகிறது என்று நம்பினேன். அறையின் வெப்பம் 17, 18 டிகிரி. வைக்கும்போது எடை 14 கிராம். ஐந்து வாரம் கழித்துத் தராசில் வைத்தபோது 10.6. கையில் எடுத்தால் வயிற்றுப் பக்கம் காலியான உறை மாதிரி மடங்கியது. சூடேற்றியும் மருத்துவரிடம் கொண்டுபோயும் அது மீளவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரே விதிதான்: ஒன்று, தின்னும் அளவுக்குச் சூடாக வைப்பேன். இல்லையென்றால், உறங்கும் அளவுக்குக் குளிர வைப்பேன். நடுவில் நிறுத்த மாட்டேன்.

தின்னாமல் எத்தனை நாள் பொறுக்கலாம்?

மலைப்பாம்பு மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும் என்று கேள்விப்பட்டு அதைக் கார்ட்டர் குட்டிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். இது சுறுசுறுப்பான, வேகமாகச் செரிக்கும் பாம்பு. குட்டிகள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தின்பவை. சரியான சூட்டில் இருந்தும் இரண்டு வாரம் எதுவும் எடுக்கவில்லை என்றால் கவனிக்கத் தொடங்குங்கள். மூன்று வாரமானால் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாகவேண்டும்.

ஆனால் நாட்களை விட எடைதான் உண்மையைச் சொல்லும். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். சமையலறைத் தராசு பெரும்பாலும் முழு கிராம் கணக்கில்தான் காட்டும். 12 கிராம் குட்டிக்கு ஒரு கிராம் என்பது உடம்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு! மூடியுள்ள சின்ன டப்பாவில் விட்டு எடை பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். கடைசியாக நன்றாகத் தின்றுகொண்டிருந்தபோது இருந்த எடையிலிருந்து 10 சதவீதம் குறைந்துவிட்டால், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போகவேண்டிய நேரம் அது.

உறங்க வைக்கும் முன் சாப்பிட வைக்க ஏதாவது செய்து பார்க்கலாமா?

கட்டாயம் செய்து பார்க்கவேண்டும். நான் எப்போதும் முதலில் இதைத்தான் முயல்வேன்.

சூடான பக்கத்தை 30 டிகிரியில் நிலையாக வையுங்கள். விளக்கை நேரக்கருவியோடு (டைமர்) இணைத்து, தினமும் 13, 14 மணி நேரம் எரிய விடுங்கள். ஜன்னல் வெளிச்சம் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். உடம்பைச் சுற்றி இறுக்கமாகப் படிகிற அளவில் இரண்டு மறைவிடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. கார்ட்டர் குட்டி பென்சிலை விட மெலிசு. பெரிய காலித் தொட்டியில் அது எப்போதும் வெட்டவெளியில் இருப்பதாகவே உணரும்.

இரையை மாற்றிப் பாருங்கள். எலிக்குஞ்சுத் துண்டை மறுக்கும் குட்டி மண்புழுவை எடுக்கும். மண்புழுவை மறுப்பது, தண்ணீர்க் கிண்ணத்தில் நீந்தும் கப்பி மீன் குஞ்சைக் கண்டதும் தலையைத் தூக்கும். நெளிகிற அசைவும் வாசமும்தான் இவற்றை இழுப்பது. மண்புழுத் துண்டை இடுக்கியில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோகாமல், இரண்டு அங்குலம் தள்ளித் தரையோடு தரையாக மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்புறம் இரையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, குட்டியையும் அதில் விட்டு, மூடி இருட்டில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கூச்ச சுபாவமுள்ள குட்டிகள் பல இப்படித் தின்றுவிடும்.

எருக்குழியில் வளர்க்கும் சிறிய சிவப்புப் புழு வேண்டாம். அது கசப்பான திரவத்தைக் கக்கும். ஒருமுறை வாயில் பட்டால் நல்ல மண்புழுவையும் குட்டி வெறுத்துவிடும். தங்கமீனும் வேண்டாம். அதில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதையே தொடர்ந்து கொடுத்தால் பசியின்மை, நடுக்கம், வலிப்பு என்று போய் முடியும். மலிவாகக் கிடைக்கும் மீனைத் தின்று வளர்ந்த குட்டி இப்போது தின்ன மறுத்து உடம்பும் லேசாக நடுங்கினால், குளிர்காலத்தின் மேல் பழி போடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி1 சீக்கிரம் கொடுத்தால் மீட்க வாய்ப்பு இருக்கிறது.

வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

வேண்டாம். தாடை அத்தனை மெலிசு. ஊட்டியதைப் பெரும்பாலும் கக்கிவிடும். கக்குவது பட்டினியை விடக் கெடுதல். மருத்துவர் செய்யவேண்டிய கடைசி வழி அது.

சரி, எல்லாம் செய்தும் தின்னவில்லை. உறங்க வைத்தால் எழுந்ததும் தின்னுமா?

பல குட்டிகள் தின்னும். குளிரில் ஒடுங்கி மறுபடி சூட்டுக்கு வரும்போது, உடம்பு வசந்தம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து ஒழுங்காக இரை எடுக்காத குட்டிகள்கூட இதற்குப் பிறகு வெறியோடு தின்னத் தொடங்குவதை வளர்ப்பவர்கள் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் இது மருந்து அல்ல. நோயால் தின்னாத குட்டியைக் குளிரில் வைத்தால் நோய்தான் வெல்லும்.

எந்தக் குட்டியை உறங்க வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். உடம்பு உருண்டையாக, வாலின் தொடக்கம் சதைப்பிடிப்பாக இருந்தால் சேமிப்பு இருக்கிறது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டும், இரண்டு பக்கமும் உள்வாங்கியும் இருந்தால் அந்தக் குட்டியைக் குளிரில் வைக்கவே கூடாது. அதைச் சூட்டிலேயே வைத்து, மருத்துவர் உதவியோடு தேற்றவேண்டும்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, வாய் ஓரத்தில் வீக்கமோ சீழோ, வயிற்றுச் செதிலில் கொப்புளம், சளி கலந்த எச்சம், சமீபத்தில் கக்கியது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். சட்டை பாதி உரிந்து நின்றிருந்தால் அது முடியும்வரை பொறுங்கள். மண்புழுவும் மீனும் தின்கிற பாம்புக்குக் குடலில் ஒட்டுண்ணி இருப்பது அபூர்வமல்ல. உறங்க வைக்கும் முன் புது எச்சத்தைக் கொண்டுபோய்ச் சோதித்துவிடுவது நல்லது. சின்ன உயிருக்கு இதெல்லாம் அதிகம் என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

முதல் வருஷக் குட்டியை உறங்கவே வைக்கக்கூடாது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சூட்டில் வைத்தால் தின்கிற குட்டியாக இருந்தால் நானும் அவர்கள் கட்சிதான். உடம்பு நன்றாக இருந்தும் சூட்டிலும் தின்ன மறுக்கிற குட்டிக்கு மட்டும் குளிரைத் தேர்ந்தெடுப்பேன்.

எப்படித் தொடங்குவது?

கடைசி இரைக்கும் குளிருக்கும் நடுவில் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். இந்த இரண்டு வாரமும் வழக்கமான சூடு இருக்கவேண்டும், இரை மட்டும் இல்லை. குடல் காலியாகத்தான் இந்த ஏற்பாடு. வயிற்றில் இரை இருக்கும்போது குளிர்ந்தால் செரிமானம் நின்றுபோய் அது உள்ளேயே அழுகும். உறக்கத்தில் குட்டிகள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் குட்டி ஏற்கெனவே மூன்று வாரமாகத் தின்னவில்லை என்றால் தனியாக இந்த இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம். எச்சம் போட்டு முடித்ததா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை உடம்பு பாதி நனையும் ஆழத்துக்கு வைத்து, கால் மணி நேரம் அதில் விட்டால் மிச்சம் இருப்பதைப் போட்டுவிடும்.

அப்புறம் சூட்டைக் குறைக்கலாம். விளக்கு நேரத்தை நாளுக்கு நாள் சுருக்கி, ஏழிலிருந்து பத்து நாளில் 30-லிருந்து அறை வெப்பத்துக்கும், அங்கிருந்து 10 டிகிரிக்கும் இறக்குங்கள். ஒரே நாளில் தூக்கிக் குளிரில் வைக்காதீர்கள். அதே சமயம், மேலே சொன்ன 15 முதல் 20 டிகிரிக்குள் வந்த பிறகு அங்கேயே இழுத்தடிக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அதைத் தாண்டிவிடுங்கள்.

குறி வைக்கவேண்டியது 8 முதல் 12 டிகிரி. 5-க்குக் கீழே போகக்கூடாது. இவை சில மணி நேரம் லேசாக உறைந்தும் பிழைப்பதுண்டு. அதை நம்பி வீட்டில் சோதனை செய்யவேண்டாம். 13-க்கு மேலே ஏறினால் குட்டி நடமாடத் தொடங்கிவிடும், சேமிப்பு கரையும்.

எதில் வைப்பது? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்களாமே?

வைக்கிறார்கள், சரியாகச் செய்தால் அதுதான் நம்பகமானது. சூடில்லாத நிலவறையோ, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியோ நிலையாக 10 டிகிரியில் நின்றால் அதுவும் போதும். பிரச்சினை என்னவென்றால், இயற்கையான இடம் வெயில் அடித்தால் ஏறும், இரவில் இறங்கும்.

வீட்டு உணவுக் குளிர்சாதனப் பெட்டி பொதுவாக 4 டிகிரியில் ஓடும். குட்டிக்கு அது அதிகக் குளிர். ஒயின் குளிரூட்டும் சின்னப் பெட்டிகள் 10, 12 டிகிரியிலேயே நிற்கும், அவை தோது. எதுவானாலும், குட்டியை வைக்கும் முன் ஒரு வாரம் காலியாக ஓட்டிப் பாருங்கள். மிகக் குறைந்த, மிக அதிக வெப்பத்தை நினைவில் வைத்துக் காட்டும் வெப்பமானியை உள்ளே வைத்துத் தினமும் பாருங்கள். காற்று மாற இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்து மூடவேண்டும்.

குட்டி இருக்கவேண்டியது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் சில துளைகள், பாம்பின் தலை நுழையாத அளவில். உள்ளே நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த் தூள் அல்லது உலர்ந்த இலைச்சருகு. ஒரு மூலையில் ஈர ஸ்பேக்னம் பாசி. கையில் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, தொட்டால் ஈரம் தெரியவேண்டும். இன்னொரு மூலையில் கவிழாத, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். இருட்டாக இருக்கட்டும்.

தண்ணீர் எதற்கு? உறங்குகிற பாம்பு குடிக்குமா?

குடிக்கும். பட்டினியை விட வறட்சிதான் இந்தக் குட்டிகளைச் சீக்கிரம் கொல்லும். கார்ட்டர் பாம்பின் தோல் வழியாக ஈரம் வேகமாகப் போகும். உடம்பு சிறியதாக இருந்தால் இன்னும் வேகம். குளிர்சாதனப் பெட்டியின் காற்று வேறு உலர்ந்தது. காட்டில் இந்த இனம் குளிர்காலத்தை ஈர இடுக்குகளில்தான் கழிக்கிறது. நிலத்தடித் தண்ணீரில் மூழ்கியபடியே குளிரைக் கழித்த கார்ட்டர் பாம்புகளும் உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கவேண்டும், வாரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதற்காகத் தரை முழுவதையும் நனைத்துவிடாதீர்கள். ஈரத்திலேயே கிடந்தால் வயிற்றில் கொப்புளம் வரும்.

எத்தனை வாரம்?

முதல் வருஷக் குட்டிக்கு 4 முதல் 6 வாரம் போதும். நல்ல உடம்பு இருந்தால் 8 வரை போகலாம். வளர்ந்த பாம்புகளுக்கு 8 முதல் 12 வாரம் கொடுப்பார்கள், அதைக் குட்டிக்குக் கொடுக்கவேண்டியதில்லை. டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துக் கட்டம்போட்ட கார்ட்டர் பாம்பு மாதிரி தெற்கத்தி இனமாக இருந்தால் நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவில் எத்தனை முறை பார்க்கலாம்? தொட்டால் எழுந்துவிடாதா?

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள், வாரம் ஒருமுறை எடை பாருங்கள். குளிர்ந்த கையால் சட்டென்று எடுத்து, எடை பார்த்துத் திரும்ப வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

ஆரோக்கியமாக உறங்கும் குட்டி எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். என்னிடம் இப்போதிருக்கும் பெண் குட்டியை மூன்றாம் வாரம் திறந்து பார்த்தேன். பாசிக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. விரலை அருகில் கொண்டுபோனதும் நாக்கு வெளியே வந்தது. கோடையில் பட் பட்டென்று துடிக்கும் அதே நாக்கு, இப்போது வெளியே வந்து, நுனி பிரிந்து, ஒரு கணம் காற்றில் அப்படியே நின்று, அப்புறம் மெல்ல உள்ளே போனது. கண் தெளிவாக, உப்பலாக இருந்தது. எடுத்தால் விரலைச் சோம்பலாகச் சுற்றிக்கொண்டது. எடை 0.2 கிராம் மட்டும் குறைந்திருந்தது. இப்படி இருந்தால் நிம்மதியாக மூடிவிடலாம்.

உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள் வேறு. கண் குழி விழுந்திருப்பது, தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்பது, வாய் பிளந்து மூச்சு விடுவது, மூக்கில் சளி. 10 டிகிரியிலும் ஓயாமல் டப்பாவைச் சுற்றி வருவது. நாள்கணக்கில் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடப்பது. மல்லாத்தினால் திரும்ப முயலாமல் கிடப்பது. எடை 10 சதவீதம் இறங்குவது. இவற்றில் எது வந்தாலும் இன்னும் இரண்டு வாரம்தானே என்று கணக்குப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் சூட்டுக்குக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால்?

சில மணி நேரம் என்றால் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஒரு நாளுக்கு மேல் போகும் என்று தெரிந்தால், துணி சுற்றிய குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம். டப்பாவோடு ஒட்டக்கூடாது. அறை வெப்பத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டால், மறுபடி குளிர வைக்காமல் அந்த வருஷத்துக்கு எழுப்பிவிடுவதே மேல்.

எழுப்புவது எப்படி?

இறக்கியதைப் போலவே ஏற்றவேண்டும், கொஞ்சம் வேகமாக. முதல் நாள் டப்பாவை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, புதுத் தண்ணீர் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பழைய தொட்டிக்கு மாற்றி ஹீட்டரைக் குறைவாகப் போடுங்கள். ஒரு வாரத்தில் முழுச் சூடும் முழு விளக்கு நேரமும் வந்துவிடட்டும்.

எழுந்த குட்டி முதலில் தேடுவது தண்ணீரைத்தான். தாடையை நீரில் பதித்து, தொண்டை மேலும் கீழும் அசைய, நிதானமாகக் குடிக்கும். என் குட்டி எடுத்த முதல் குடியை எண்ணினேன், நாற்பதுக்கு மேல் மடக்கு. அதைப் பார்ப்பதற்காகவே அந்தக் காலையில் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

முழுச் சூட்டுக்கு வந்து நான்கைந்து நாள் கழித்து முதல் இரை கொடுங்கள். வழக்கமான அளவில் பாதி. ஒரு சின்ன மண்புழுத் துண்டு போதும். அது செரித்து எச்சம் வந்ததும் அடுத்தது. ஆறு வாரம் பட்டினி கிடந்ததே என்ற பரிதாபத்தில் வயிறு நிறையக் கொடுத்தால் கக்கிவிடும், மறுபடி தொடக்கத்துக்கே போகவேண்டியதுதான். சில குட்டிகள் எழுந்ததும் முதலில் சட்டை உரித்துவிட்டு அப்புறம்தான் தின்னும். அதையும் எதிர்பாருங்கள்.

எழுப்பி இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் தின்னவில்லை.

அப்படியானால் காரணம் குளிர்காலம் அல்ல. புது எச்சம் கிடைத்தால் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எடைக் குறிப்புகளையும் கொண்டுபோங்கள், அவருக்கு அதை விட உதவியான காகிதம் வேறில்லை.

இரண்டு குட்டிகளை ஒரே டப்பாவில் வைக்கலாமா?

கார்ட்டர் பாம்புகள் கூடிக் கிடக்க விரும்பும் பாம்புகள், நெருங்கிப் படுத்தால் ஈரமும் காக்கப்படும். ஆனாலும் இரை எடுக்காத குட்டியைத் தனியாகவே வைப்பேன். எச்சம் யாருடையது, தண்ணீரில் சளி யாருடையது என்று தெரியாமல் போய்விடும்.

அடுத்த வருஷமும் இதைச் செய்யவேண்டுமா?

இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இல்லை, குளிர்காலத்திலும் குட்டி நன்றாகத் தின்கிறது என்றால் வேண்டியதில்லை. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அதே மாதிரி தின்ன மறுத்தால், அந்தப் பாம்பின் உடம்பு அப்படித்தான் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கோடையில் நன்றாகத் தின்ன வைத்து, பகல் குறையத் தொடங்கும்போதே எச்சச் சோதனையை முடித்து, குளிரூட்டும் பெட்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் தயாராக வைத்துவிடுங்கள். ஆணாக இருந்தால், எழுந்த பிறகு சில வாரம் துணை தேடும் மும்முரத்தில் இரையைக் கவனிக்காது. ஒன்று, இரண்டு வயது ஆன ஆண் பாம்புகளிடம் இதைப் பார்க்கலாம். எடை நின்ற இடத்தில் நின்றால் அதற்குப் பயப்படவேண்டாம்.